பாகவதர் போட்ட கையெழுத்தா, பிரஸ் போட்ட கையெழுத்தா?

சிவகாசிக் காலண்டர் தொங்காத வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். முருகனோ, மீனாட்சியோ, லட்சுமியோ, ஏதாவது ஒரு தெய்வம் சுவர் ஆணியில் இருந்தபடி வீட்டைக் காத்துக் கொண்டிருக்கும். பழைய படமாக இருந்தால் அதன் கீழ் மூலையைச் சற்று உற்றுப் பாருங்கள். சி.கொண்டையராஜு என்று ஒரு கையெழுத்து இருக்கலாம். பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து கொண்டு ஊர் ஊருக்கும் தெய்வப் படம் எழுதிக் கொடுத்த ஓவியர் அவர். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர்.

அந்தக் கையெழுத்து அசலா, போலியா?

அசல்தான்; அவர் கையே எழுதியது. ஆனால் உங்கள் வீட்டுக் காகிதத்தின் மேல் அவர் எழுதவில்லை. சித்திரத்தின் மேல் அவர் எழுதியது ஒரே ஒரு தடவை. மற்றப் பிரதிகளில் எல்லாம் சிவகாசி யந்திரங்கள் எழுதின!

காலண்டர் விஷயத்தில் இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. காலண்டரை எடுத்துக் கொண்டு, "ராஜுவின் கையெழுத்து, என்ன விலை தருவீர்கள்?" என்று கேட்பாரும் இல்லை. ஆனால் காலண்டர் இருந்த இடத்தில் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படத்தை வைத்துப் பாருங்கள். உடனே விவகாரம் வேறாகி விடுகிறது.

தகரப் பெட்டியில் கிடைத்த படம்

சாத்தூர்ப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். தாத்தா காலமாகி வெகு நாளாகிறது. பரணைச் சுத்தம் செய்யும்போது அவருடைய தகரப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே பழைய பத்திரங்கள், ஒரு மூக்குக் கண்ணாடி, நாலைந்து பாட்டுப் புத்தகங்கள். அவற்றுக்கு நடுவே எம்.கே.தியாகராஜ பாகவதரின் படம் ஒன்று. படத்தின் குறுக்கே ஒரு கையெழுத்து.

பாகவதர் என்றால் இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளிவந்த அவருடைய 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதே ஆண்டு முடிவதற்குள் லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-இல் விடுதலையானவர். 1959 நவம்பர் 1-ஆம் தேதி மறைந்தார். அவருடைய தலைமயிர்ப் பாணியை வைத்துக் கொண்டு திரிந்த வாலிபர்கள் அப்போது ஊருக்கு ஊர் உண்டு.

"தாத்தா பாகவதரை நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்கியவர்" என்று அந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கொள்வது வழக்கம். இப்போது அத்தாட்சியே கிடைத்து விட்டது! பேரனுக்குக் கடன் தொல்லை. ஒரு நண்பர், "இதற்கு லட்சக் கணக்கில் தருவார்கள்" என்கிறார். இன்னொருவர், "எல்லாம் பிரஸ் வேலை" என்று சிரிக்கிறார்.

பேரனுக்கு லட்சம் போனாலும் போகட்டும். தாத்தா பொய் சொல்லி விட்டார் என்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

அவன் போக வேண்டிய இடம் சென்னையும் அல்ல, பம்பாயும் அல்ல. பஸ் ஏறினால் சிவகாசி. அங்கே அச்சகத்தில் தலை நரைத்த ஒரு பெரியவரைப் பார்த்தால் போதும்.

புள்ளி சொல்லும் சாட்சி

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி செய்தால் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வேர்விட்ட அச்சுத் தொழில் பட்டாசு லேபிள், காலண்டர், சினிமா போஸ்டர் என்று படர்ந்தது. இந்த ஊர் அச்சகத் தொழிலாளிக்குப் புள்ளியைப் பார்ப்பதே பிழைப்பு.

என்ன புள்ளி?

ஆப்செட் அச்சில் ஒரு வண்ணப் படம் என்பது உண்மையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிக் கூட்டம். வெறுங் கண்ணுக்கு முகம் தெரியும். லென்ஸை வைத்தால் முகம் மறைந்து புள்ளிகள் தெரியும். நான்கு நிறமும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, அச்சகத்தில் லென்ஸை வைத்துக் குனிந்து கொண்டே இருப்பார்கள். அந்த லென்ஸ்தான் கையெழுத்துப் பரீட்சைக்கும் முதல் ஆயுதம்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று பேரன் படத்தை நீட்டுகிறான்.

பெரியவர் லென்ஸை முகத்தின் மேல் வைக்க மாட்டார். நேரே கையெழுத்தின் மேல் வைப்பார். "தம்பி, நீயே பார். கோடு ஒரே கோடாகப் போகிறதா, புள்ளி புள்ளியாக உடைகிறதா?"

கோடு புள்ளியாக உடைந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. பேனா புள்ளி வைத்து எழுதாது.

புள்ளி இல்லாவிட்டால்? அசல் என்று துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. படம் நிஜமான போட்டோவாக இருந்தால் அதில் புள்ளியே இராது. நட்சத்திரம் ஒரு படத்தில் கையெழுத்துப் போட, அந்தப் படத்தை மறுபடி போட்டோ பிடித்து ஆயிரம் பிரதி எடுத்திருக்கலாம். நெகடிவிலேயே கறுப்பு மையால் எழுதிவிட்டால், பிரதிகளில் கையெழுத்து வெள்ளையாக விழும். வெள்ளை எழுத்தைக் கண்டால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

இதற்கும் வழி உண்டு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பேனா மை போட்டோவின் பளபளப்புக்கு மேல் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். அந்த இடம் மட்டும் வேறு விதமாக மின்னும், அல்லது மங்கும். எழுத்து முடியும் இடத்தில் மை சற்றுத் தேங்கி நிற்கும். அழுத்தி எழுதிய இடத்தில் நிப்பின் இரண்டு அலகும் விரிந்து, கோட்டின் இரு ஓரமும் கறுத்திருக்கும். பழைய நீலக் கறுப்பு மையானால் பழுப்பேறியும் இருக்கும். போட்டோவுக்குள்ளேயே அடங்கிய கையெழுத்தில் இவை ஒன்றும் இரா. முகம் எப்படி மின்னுகிறதோ, எழுத்தும் அப்படியே மின்னும்.

படத்தில் விரிசலோ மடிப்போ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். மை அந்த விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருந்தால், படம் பழசான பிறகு எழுதிய கையெழுத்து அது. பாகவதர் காலத்தில் புத்தம் புதிதாக இருந்த படத்தில் விரிசல் ஏது?

பேனாவுக்கும் பிறந்த நாள் உண்டு

இனி, மை அசல் மைதான் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த கேள்வி, அந்த மையும் காகிதமும் அந்தக் காலத்தில் இருந்தனவா என்பது.

தடித்த முனையுள்ள ஸ்கெட்ச் பேனாவால் 'எம்.கே.டி.' என்று எழுதிய படம் கிடைத்தால், விலை பேசாமல் திரும்பி வந்து விடலாம். அந்த வகைப் பேனா ஜப்பானில் உருவானது 1962-இல். பாகவதர் அதற்கு மூன்று ஆண்டு முன்பே போய்ச் சேர்ந்து விட்டார். பி.யு.சின்னப்பா மறைந்தது 1951, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் மறைந்தது 1957. அவர்களுக்கும் இதே தீர்ப்புத்தான். பால்பாயிண்ட் பேனாவும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945-இல். அதற்கு முந்தைய தேதி போட்ட பால்பாயிண்ட் கையெழுத்து, கல்யாணத்துக்கு முன் பிறந்த நாள் கொண்டாடிய குழந்தைதான்.

படத்தைத் திருப்பிப் பார்க்க மறக்கக் கூடாது. முன்புறம் ஜாக்கிரதையாக இருந்த போலி, பின்புறம் காட்டிக் கொடுத்து விடும். ஸ்டூடியோ முத்திரையில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? அது 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று இருக்கிறதா? விருதுநகரில் 1956-இல் சங்கரலிங்கனார் எந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்தாரோ, அந்தப் பெயர் சட்டப்படி அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14-இல். அதுவரை சென்னை ராஜ்யம். 'விருதுநகர் மாவட்டம்' என்ற முத்திரையோடு 1955-ஆம் வருஷத்துப் படம் வருகிறதா? சிவகாசியும் விருதுநகரும் அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. 1985-இல்தான் காமராஜர் மாவட்டம் என்று பிரிந்து, பிறகு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது.

தமிழ் எழுத்தே ஒரு சாட்சி. படத்தின் அடியில் அச்சிட்ட 'சென்னை' என்ற சொல்லில் 'னை' எப்படி இருக்கிறது? பழைய அச்சில் அந்த எழுத்துக்கு யானைத் துதிக்கை போல மேலே ஒரு சுழி இருக்கும். 'லை', 'ணை', 'ளை' ஆகியவற்றுக்கும் அப்படியே. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகே துதிக்கை பொதுவாக மறைந்தது. 1950-களின் படம் என்று சொல்லி, அடியில் இன்றைய 'னை' அச்சாகியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் பெரியாரின் பத்திரிகைகள் 1935 முதலே புது எழுத்தில் வந்தவை. அவற்றிலிருந்து வெட்டிய படமானால் குற்றமில்லை. அதே போல், பழைய எழுத்தைக் கண்டவுடன் பழைய படம் என்றும் தீர்மானித்து விடக் கூடாது.

பட்டங்களும் காலம் சொல்லும். எம்.ஜி.ஆர். தொடக்க காலப் படங்களில் எம்.ஜி.ராம்சந்தர். 'புரட்சித் தலைவர்' என்ற அடைமொழி 1972-இல் அவர் தனிக் கட்சி கண்ட போது வந்தது. அதற்கு முன் 'புரட்சி நடிகர்'. கணேசனுக்குச் 'சிவாஜி' என்ற பெயர் அண்ணாவின் நாடகத்தில் நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டியது, 1940-களின் நடுவில். 'செவாலியே' விருது 1995-இல். ஜெமினி கணேசன் ஆரம்பத்தில் ஆர்.கணேஷ். படத்தில் அச்சான பட்டத்துக்கும் கையெழுத்தின் அடியில் போட்ட தேதிக்கும் பொருத்தம் பார்க்காமல் காசை எடுக்கலாகாது.

கடைகளில் ரூபாய் நோட்டைப் பரிசோதிக்கும் ஊதா விளக்கும் இங்கே உதவும். 1950-களுக்குப் பிறகு காகிதத்தில் வெண்மை கூட்ட ஒரு வகை ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் காகிதம் ஊதா ஒளியில் நீலமாக ஜொலிக்கும். 1940-களின் போட்டோ என்று விற்பது அப்படி ஜொலித்தால், வயதைக் குறைத்துச் சொல்லும் கிழவரைப் போல, இது வயதைக் கூட்டிச் சொல்லும் குமரன்!

கை நடுங்கினால் கள்ளம்

காகிதமும் சரி, மையும் சரி. எழுதிய கை யாருடையது?

தன் பெயரை எழுதுகிறவர் யோசித்து எழுதுவதில்லை. பேனா காகிதத்தைத் தொடுமுன்பே நகரத் தொடங்கி, எடுத்த பின்பும் நகர்ந்து கொண்டிருக்கும். ஆகையால் கோட்டின் ஆரம்பமும் முடிவும் மெலிந்து தேயும். பிறர் பெயரைப் பார்த்து எழுதுகிறவர் எழுதவில்லை, வரைகிறார். வேகம் இல்லை. கோடு எங்கும் ஒரே தடிப்பு. நடுவில் பேனாவை எடுத்து, மாதிரியைப் பார்த்து, மறுபடி வைத்த இடம் லென்ஸில் முடிச்சாகத் தெரியும். வளைவுகளில் மெல்லிய நடுக்கம் இருக்கும்.

அச்சாகத் தெரிந்த மாதிரியோடு கையெழுத்து அப்படியே பொருந்தினால் மகிழ்ச்சி அடையலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். இரண்டு தடவை ஒரே மாதிரி கையெழுத்துப் போட மனிதனால் ஆகாது. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிற இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பார்த்து இழுத்தது. அல்லது இரண்டுமே யந்திரம் போட்டது.

இந்த உண்மை 1868-இல் அமெரிக்காவில் ஒரு கோர்ட்டுக்கே போனது. ஹவுலண்ட் என்ற பணக்கார அம்மாளின் உயில் பற்றிய வழக்கு. உயிலோடு வந்த கூடுதல் பக்கத்தில் இருந்த கையெழுத்து, உயிலில் இருந்த கையெழுத்தோடு அப்படியே பொருந்தியது. பெஞ்சமின் பியர்ஸ் என்ற கணித மேதை சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த அம்மாளின் 42 கையெழுத்துக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு, கீழ்நோக்கிய 30 இழுப்புக்களும் தற்செயலாக ஒத்துப் போவது நடக்கிற காரியமல்ல என்று சொன்னார். கோர்ட்டு வேறு சட்டக் காரணத்தால் வழக்கை முடித்தாலும், கணக்கு நிலைத்து விட்டது.

நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும் கையெழுத்துக்கு மூன்று வழி வைத்திருந்தது: நிபுணரின் அபிப்பிராயம், அந்தக் கையெழுத்தோடு பழகியவரின் சாட்சியம், சந்தேகமற்ற மாதிரியோடு கோர்ட்டே ஒப்பிடுதல். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன. படம் வாங்குகிறவரும் இந்த மூன்றையும் கைக்கொள்ளலாம். ஒரே மாதிரியை வைத்து ஒப்பிடாமல், அதே காலத்தைச் சேர்ந்த பல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். மனிதனுக்கு வயதானால் கையெழுத்துக்கும் வயதாகும்.

அம்மா போட்ட கையெழுத்து

இவ்வளவும் தேறிய பிறகும் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. மை அசல், காலம் அசல், வேகமான கை. ஆனால் நட்சத்திரத்தின் கை அல்ல!

ஹாலிவுட்டில் 1930-களில் கொடி கட்டிப் பறந்தவர் ஜீன் ஹார்லோ. 1937-இல் இளம் வயதிலேயே இறந்தார். ரசிகர்களுக்குப் போன அவருடைய படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போட்டது அவருடைய தாயார். காரியதரிசிகளும் ஸ்டூடியோ குமாஸ்தாக்களும் போட்டது வேறு நட்சத்திரங்களுக்கு. தினமும் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தால் நட்சத்திரம்தான் என்ன செய்வார்? ரசிகரை ஏமாற்றி காசு பிடுங்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ரசிகர் மனம் நோகக் கூடாது என்றே நினைத்தார்கள். தபாலில் வந்த எந்தப் படத்துக்கும், எந்த ஊர் நட்சத்திரமானாலும், இந்தச் சந்தேகம் பொருந்தும். எதிரில் நின்று வாங்கியதற்குத்தான் மதிப்பு.

காசுக்காகவே செய்கிறவர்களும் உண்டு. 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீஸார் பெரிய கள்ளக் கையெழுத்துக் கும்பல் ஒன்றை வளைத்தார்கள். பிடிபட்ட சரக்கில் அன்னை தெரஸா 'கையெழுத்துப் போட்ட' பேஸ்பால் பந்தும் இருந்தது! விளையாட்டு வீரர், சினிமா நட்சத்திரம், அன்னை, எல்லாரும் ஒரே கையில். கூடவே 'இது அசல்தான்' என்று சொல்லும் சான்றிதழ்களும் கட்டுக் கட்டாக இருந்தன. சான்றிதழ் அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று சிவகாசிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழைப் பார்த்துப் படம் வாங்குவது, ஜாதகத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் குணத்தை முடிவு செய்வது போலத்தான்.

ஆகவே கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: இது வந்த வழி என்ன? யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த வருஷம், எதற்காக நட்சத்திரம் அங்கே வந்தார்? நாடகமா, கச்சேரியா, கல்யாணமா? அதற்கு டிக்கெட்டோ, நோட்டீஸோ, கடிதமோ துணைக்கு இருக்கிறதா? லென்ஸ் போலியைப் பிடித்துக் கொடுக்கும். அசல் என்று உறுதி சொல்ல இந்தத் துணைகள் வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

சந்தேகம் தீர்க்க விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மை கரைந்தால் அசல்தான். ஆனால் அசல் அந்த நிமிஷத்தோடு ஒழிந்தது! லாமினேஷன் செய்வதும் அதே போன்ற பாதகம். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்கில் சூடாக ஒட்டி விட்டால் பிறகு பிரிக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. வெயில் படும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும். கண்ணாடியோடு ஒட்டிப் பிரேம் போட்டால் மழைக்காலத்தில் படம் கண்ணாடியைப் பிடித்துக் கொள்ளும். செலோடேப் கூடவே கூடாது. சுத்தமான காகித உறையில், இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே போதும்.

தாத்தா சொன்னது பொய்யா?

சாத்தூர்ப் பேரனை லென்ஸோடு விட்டுவிட்டு வந்தோம். அவன் பார்த்தது என்ன?

புள்ளி. கையெழுத்து முழுவதும் புள்ளி. பாட்டுப் புத்தகத்திலோ காலண்டரிலோ வந்த படத்தை யாரோ அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். லட்சம் போயிற்று. அதைவிட அவன் முகம் வாடியதற்குக் காரணம் வேறு.

"அப்படியானால் எங்கள் தாத்தா சொன்னது..." என்று இழுக்கிறான்.

"உன் தாத்தா என்ன சொன்னார், தம்பி? இந்தப் படத்தில் வாங்கினேன் என்று சொன்னாரா?"

பேரன் யோசிக்கிறான். தாத்தா அவனிடம் நேரில் சொன்னதே இல்லை. அப்பா சொன்னது, அப்பாவுக்கு அத்தை சொன்னது. தாத்தா சொன்னது, 'பாகவதரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்று மட்டும் இருந்திருக்கலாம். பெட்டியில் கையெழுத்தோடு ஒரு படத்தைப் பார்த்தவர்கள், பார்த்ததைக் கேட்டதோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். தாத்தா நிஜமாகவே கையெழுத்து வாங்கி, அந்தக் காகிதம் வேறு எங்கோ தொலைந்தும் போயிருக்கலாம். புள்ளி இந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லும். தாத்தாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கையெழுத்துப் பரீட்சையில் இதை மறந்து விடுகிறவர்கள்தான் அதிகம். படம் போலி என்றால் வைத்திருந்தவர் புளுகர் என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். அச்சான கையெழுத்தை அச்சகம் ஒளித்து விற்கவில்லை. வாங்கியவரும் அதைத் தெரிந்தேதான் வாங்கினார். அது வெறும் அபிமானம். ஐம்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்த பிறகு, தெரிந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அபிமானம் அத்தாட்சியாக வேஷம் போட்டுக் கொள்கிறது.

இதற்கு ஒரே மருந்து, தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது. உங்கள் வீட்டில் ஒரு கையெழுத்துப் படம் இருந்தால், அதைப் பற்றித் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த வருஷம், யார் கூட இருந்தார்கள், பேனா யாருடையது? கேட்டதை ஒரு தனிக் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, படத்தோடு உறையில் வையுங்கள். அந்தக் காகிதத்தின் அடியில் பெரியவரையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நாளைக்கு எந்த லென்ஸை வைத்துப் பார்த்தாலும், அந்தக் கையெழுத்தில் புள்ளி இராது.